ராமபத்ரன் தன் வீட்டில் போடாத வெளியீடு

ராமபத்ரன் சார் போய்விட்ட செய்தி எனக்கு டில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், புளி நிறுத்துக்கொண்டிருந்தபோது கிடைத்தது. கடைக்காரர் அருணாசலம் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "டீச்சர், ஒங்க கம்ப்யூட்டர் சார் காலையில போயிட்டாராம்லா. ஹார்ட் அட்டாக்குன்னு சொல்லுதாவ" என்றார். "அவரு ஒண்ணும் என் கம்ப்யூட்டர் சார் இல்ல" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் செய்தியே உள்ளே போயிற்று. முதலில் வந்தது துக்கம் என்று எழுதினால் பச்சைப் பொய். வந்தது கோபம். ஒன்பது வருஷமாக அந்த மனுஷர் வாயிலிருந்து வர வேண்டும் என்று நான் காத்திருந்த ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லாமல் நழுவிவிட்டாரே என்று வயிறு எரிந்தது. புளியைக் கடையிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

நம் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் சாருக்கான இந்த நினைவு மலருக்கு நானும் நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டும் என்றார். "நாலு நல்ல வார்த்தை எழுத ஆள் நிறைய இருக்காவ. நான் நடந்ததத்தான் எழுதுவேன், சம்மதமா?" என்று கேட்டேன். "அச்சா, எழுதுங்கோ" என்றார். ஆகவே பிறகு யாரும் அவர் மேல் பாயக் கூடாது.

சாரின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மலரைப் புரட்டுகிற உங்கள் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டுமே. ராமபத்ரன் ஓர் அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர், பூர்வீகம் கும்பகோணம். லக்ஷ்மிபாய் நகரில் அவருடைய அரசாங்கக் குடியிருப்பின் முன்னறையில் ஞாயிறுதோறும் பத்து மணிக்கு டில்லித் தமிழர்கள் பதினைந்து இருபது பேர் கூடுவார்கள். விஷயம் லினக்ஸ். யாரும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்கிற இயங்குதளம், கம்ப்யூட்டரை ஓட்டுகிற அடிப்படை. அது ஒரே பொருளாக வருவதில்லை. பல நாட்டு ஆட்கள் பலவிதமாகக் கட்டி, ஐந்து புள்ளி இரண்டு, ஆறு புள்ளி பூஜ்யம் என்று எண் போட்டு வெளியிடுவார்கள். புதிதாக வருகிறவருக்கு எதை எடுப்பது என்று தலை சுற்றும். அதற்குத்தான் சார் இருந்தார்.

அவருக்குச் சேர வேண்டியதை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். யாரிடமும் ஒரு டீக்குக்கூட அவர் காசு வாங்கியதில்லை. கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போவார். நான் அந்தக் கூட்டத்துக்குப் போகும் முன்பே ஒருமுறை, ஓய்வு பெற்ற ஒருவரின் கம்ப்யூட்டரைச் சரி செய்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்துகொண்டிருந்தார். சங்கத்துப் பழக்கத்தில் நானும் என் வீட்டுக்காரர் டேனியலும் அதே ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தோம். ஓட்டுநர் பள்ளம் மேடு பார்க்காமல் விரட்டினான். சார் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "பையா, தீரே! கோத் மே பச்சா ஹை!" என்று கத்தினார். மடியில் குழந்தை என்றதும் அவன் திடுக்கிட்டு பிரேக் போட்டான். திரும்பிப் பார்த்துவிட்டு, என்ன குழந்தை இது என்கிற மாதிரி தலையில் அடித்துக்கொண்டான். கோல் மார்க்கெட் வந்து சேரும்வரை டேனியல் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அடுத்தவர் பெட்டியை அப்படிப் பார்த்துக்கொண்டவர்தான் என் பெட்டிக்குள் இருந்ததை என்ன ஏது என்று கேட்காமல் துடைத்துவிட்டார்.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவள். இங்கே பிறந்த பிள்ளைகள் வீட்டில் அப்பா அம்மாவிடம் தமிழ் பேசும், ஆனால் புத்தகத்தைப் பிரித்தால் ஒரு வரி படிக்காது. ஊரிலிருந்து வரும் பாடப் புத்தகத்தில் ஏற்றம், கமலை, நாற்றங்கால் என்று இருக்கும். டில்லிப் பிள்ளை அதற்கு எங்கே போகும்? ஆகவே நானே எழுதினேன். பஸ் நம்பர், பனிமூட்டம், கூலர், ரேஷன் கடை, காய்கறி விற்கும் சப்ஜி வண்டிக்காரர் என்று இந்த ஊரை வைத்தே அ முதல் ஆரம்பித்து அறுபத்திரண்டு பாடங்கள். மூன்று வருஷம், பள்ளி விட்டு வந்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டி ஏற்றினேன். முதல் இருபது பாடத்தை வைத்துச் சொல்லிக் கொடுத்ததிலேயே நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் பஸ்ஸில் யார் கையிலோ இருந்த தமிழ்ப் பத்திரிகையின் தலைப்பைப் படித்துவிட்டான் என்று அவன் அம்மா ஓடி வந்து சொன்னாள். சங்கம் அந்தப் பொங்கலுக்குப் புத்தகமாகப் போட்டுத் தருவதாக ஒத்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து மதிப்பெண் பட்டியல் எல்லாம் போயிற்று. வைரஸ் வராத சாதனம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் வீட்டுக்குப் போனேன். என் பாடங்களைக் காப்பாற்றத்தான் போனேன். இதை மட்டும் தயவு செய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேசை மேல் மூன்று சிடிக்கள் கிடந்தன. ஒன்று தன்னார்வலர்கள் சேர்ந்து கட்டியது, கூடவே தலையணை கனத்துக்குக் குறிப்புகள். இன்னொன்று போன வருஷத்து வெளியீடு, புள்ளிக்குப் பின்னால் இரண்டு என்று முடியும். மூன்றாவது அந்த மாதம்தான் ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்தது, புள்ளிக்குப் பின்னால் பூஜ்யம்.

"நான் இதுக்குப் புதுசு சார். எனக்கு எது சரியா வரும்?" என்றேன்.

"என்ன டீச்சர் சந்தேகம்? அஞ்சு பெரிசா, ஆறு பெரிசா?" என்று பூஜ்யத்தை எடுத்து என் கையில் வைத்தார். "எப்பவுமே புதுசுதான் நல்லது. பழசப் போட்டுண்டு ஏன் பின்னாடி போகணும்?"

அத்தனை பேரும் தலையாட்டினார்கள். எல்லாரும் சர்க்கார் ஆட்கள். பெரிய எண் என்றால் பெரிய சம்பள ஸ்கேல், பெரிய அரசாங்கக் குடியிருப்பு. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த சனிக்கிழமை கோல் மார்க்கெட்டில் எங்கள் வீட்டுக்கு அவரே வந்தார். சிடியைப் போட்டார். நீல நிறத்தில் ஒரு திரை வந்து கேள்வி கேட்டது. இந்தக் கம்ப்யூட்டரை ஒர்க்ஸ்டேஷனாக வைத்துக்கொள்ளப் போகிறீர்களா, சர்வராகவா? எது என்று நான் கேட்டேன். சார் சிரித்தார்.

"ஒர்க்ஸ்டேஷன்னா எல்.டி.சி. மாதிரி, டீச்சர். சர்வர்னா டைரக்டர் கிரேடு. கெடைக்கறப்போ பெரிய போஸ்ட்ட எடுத்துக்கணும். என்டர் தட்டுங்கோ."

கீழ்நிலை எழுத்தராக ஏன் இருக்க வேண்டும், இயக்குநராகவே இருப்போம் என்று நானும் தட்டினேன். என் கையால்தான் தட்டினேன், அதை மறைக்கவில்லை. சர்வர் என்று சொன்னால் அந்த வெளியீடு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் மொத்தத்தையும் அழித்துவிட்டுத்தான் உட்காரும் என்பது அந்தத் திரையிலேயே பொடி எழுத்தில் இருந்ததாம். எங்கள் இரண்டு பேரில் யாரும் வாசிக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து மெஷின் புதிதாக எழுந்தது. டேனியல் காப்பி கொண்டுவந்தார்.

"சார், என் பாடங்க எங்க இருக்கு?"

"எந்தப் பாடம்?"

சொன்னேன். அவர் விசைப்பலகையில் அங்கே இங்கே தட்டிப் பார்த்தார். ஒரு விநாடி முகம் மாறியது, நான் பார்த்தேன். பிறகு டம்ளரைக் கீழே வைத்து, "ஒண்ணும் கவலப்படாதேள். அழிஞ்சா என்ன, திரும்பப் போட்டுக்கலாம்" என்றார்.

அது அவருடைய பிரசித்தமான வசனம். எல்லாரிடமும் சொல்வார். லினக்ஸைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், வாஸ்தவம். என் மூன்று வருஷத்தை எந்த சிடியிலிருந்து திரும்பப் போடுவது? ஃப்ளாப்பியில் ஏற்றி வைத்தது முதல் பதினோரு பாடம். அதிலும் மூன்று திறக்கவில்லை. வேறு பிரதி எடுத்து வைக்காதது என் முட்டாள்தனம்தான். அதை நான் சொல்லிக்கொள்வேன், வேறு யாராவது சொன்னால் நடப்பதே வேறு. மனதிலிருந்து மறுபடி எழுதப் பார்த்தேன். பத்தொன்பதாவது பாடத்தோடு நின்றுவிட்டது. உட்கார்ந்தால் எழுத்து வரவில்லை, அழுகைதான் வந்தது. பொங்கலுக்கு சங்கம் வேறொரு புத்தகம் போட்டது. அந்த வருஷத்துப் பிள்ளைகள் தமிழ் படிக்காமலே மேல் வகுப்புக்குப் போனார்கள். பஸ்ஸில் தலைப்பைப் படித்த பையனைப் போன வருஷம் பார்த்தேன். காலேஜில் படிக்கிறான். தமிழில் அச்சடித்த ஒரு கல்யாணப் பத்திரிகையை நான் நீட்டினால், "நீங்களே படிச்சுச் சொல்லுங்க டீச்சர்" என்கிறான்.

மறு ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்பார் என்று நம்பித்தான் போனேன். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே உள்ளே சாரின் குரல் கேட்டது. "எஸ்தர் டீச்சருக்கு ஜாக்பாட். பழைய வீட்டக் காலி பண்ணி, சாமான் ஒண்ணுகூட இல்லாம பளிச்சுனு புது வீடு கெடச்சுடுத்து!" முன்னறை முழுக்கச் சிரிப்பு. பதினோரு பேர். எண்ணினேன். அதில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள், நான்கு பேர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேர் இந்த வரியை இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். சுகம்தானே?

நான் நேராக அவருடைய கம்ப்யூட்டர் பக்கம் போனேன். திரையில் அவர் போட்டிருந்த வெளியீட்டின் எண் தெரிந்தது. ஆறு இல்லை. ஐந்து புள்ளி இரண்டுகூட இல்லை, அதற்கும் முந்தையது.

"ஒங்களுக்குப் புதுசு வேண்டாமா சார்?"

"இதுல எங்க ஆபீஸ் பேப்பர், ஆத்துக் கணக்கு எல்லாம் இருக்கே. புதுசுல என்ன ஓட்ட இருக்குன்னு நாலு பேர் போட்டுப் பார்க்கட்டும், அப்புறம் மாத்திக்கலாம்னுதான்."

கள்ளம் கபடம் இல்லாமல் சொன்னார். அந்த நாலு பேர் யார் என்று அவருக்கே உறைக்கவில்லை. மாதாமாதம் புதிதாக வருகிற அப்பாவிகளான நாங்கள்தான். எங்கள் வீடுகளில் போட்டு, எது பழுதாகிறது என்று பார்த்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பிறகு அவரோடு நான் பேசவில்லை.

"விடுட்டி, வேணும்னா செஞ்சாரு?" என்று டேனியல் எத்தனையோ முறை சொன்னார். வேண்டுமென்று செய்திருந்தால் நான் சண்டை போட்டு மறந்திருப்பேன். அதை அவருக்குப் புரியவைக்க முடியவில்லை.

பழி வாங்க முடிவு செய்தேன். அதற்கு முதலில் படிக்க வேண்டியிருந்தது. ஒன்றரை வருஷம் அந்தத் தலையணைக் குறிப்புகளை வேறிடத்தில் வாங்கி, அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். என் மெஷினில் ஒவ்வொரு வெளியீடாகப் போட்டு, கெடுத்து, மறுபடி போட்டேன். பிறகு ஒரே ஒரு பக்கம் எழுதி ஜெராக்ஸ் எடுத்து, எங்கள் சர்ச் அறிவிப்புப் பலகையிலும் அருணாசலம் கடைச் சுவரிலும் ஒட்டினேன். லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்று தலைப்பு. எண் பூஜ்யத்தில் முடிந்தால் தொடாதீர்கள், ஆறு மாதம் பொறுங்கள். உங்கள் மெஷினில் இருப்பதை முதலில் இரண்டு பிரதி எடுங்கள். சர்வர் என்பது பதவி அல்ல, வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு வெளியீட்டைச் சிபாரிசு செய்கிறவர் தன் வீட்டில் எதைப் போட்டிருக்கிறார் என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசி வரி யாருக்கு என்று ஊருக்கே தெரிந்தது. போய்ப் பார்த்தார்கள். சாரின் ஞாயிற்றுக்கிழமை இருபது பேரிலிருந்து பன்னிரண்டாக, பிறகு ஆறாகக் குறைந்தது. என் வீட்டில் சனிக்கிழமை கூட்டம் சேர ஆரம்பித்தது. எனக்கு அது இனித்தது. பொய் சொல்வானேன், கற்கண்டாக இனித்தது.

ஒருநாள் அருணாசலம் கூப்பிட்டு, "சார் வந்திருந்தாவ டீச்சர். ஒங்க பேப்பர கண்ணாடியப் போட்டு முழுசும் படிச்சாவ. பேனா கேட்டு என்னமோ எழுதிட்டுப் போயிட்டாவ" என்றார். திட்டித்தான் எழுதியிருப்பார் என்று ஓடினேன். பிரதி எடுக்க நான் கொடுத்திருந்த கம்ப்யூட்டர் கட்டளையில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைத் திருத்தி, ஓரத்தில் ஃபைலில் போடுவது போல் சுருக்கொப்பமும் தேதியும் போட்டிருந்தார். கடைசி வரியைத் தொடவே இல்லை. வீட்டுக்கு வந்து சோதித்தேன். திருத்தம் சரி. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் சமைக்கவே இல்லை. அந்தச் சுவரில் 'மன்னிக்கவும்' என்று ஒரு வார்த்தை எழுத அவருக்கு இடமா இல்லை?

சார் போய், காரியமெல்லாம் முடிந்து இரண்டு வாரத்தில் விசாலம் மாமி எனக்குப் போன் செய்தார். சாரின் மனைவி. என்னிடம் ஒருநாளும் கோபமாகப் பேசியதில்லை. புனேயில் இருக்கும் மகளுக்கு மெயில் அனுப்பக் கற்றுக்கொள்ள வேண்டும், மெஷினைச் சரியாக்கித் தர முடியுமா என்றார். போனேன். முன்னறையில் அதே மேசை, அதே கம்ப்யூட்டர்.

"இதுல இருக்கறது எல்லாத்தையும் அழிச்சுடுங்கோ" என்றார் மாமி.

"மாமி, சாரோடது..."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். பன்னெண்டு வருஷமா எனக்கு ஞாயித்துக்கெழமையே கெடையாது, தெரியுமோ? இருபது டம்ளர் காப்பி, இருபது டம்ளர் தேய்க்கணும். அவரோட பேசணும்னா நான் க்யூவுல நிக்கணும். இந்தப் பொட்டிதான் அவருக்குப் பொண்டாட்டி. தொடச்சுப் போடுங்கோ, நேக்குப் புதுசா ஒண்ணு குடுங்கோ."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். இதை நான் எத்தனை தடவை மனதில் நடத்திப் பார்த்திருக்கிறேன் தெரியுமா? அவருடைய ஹார்ட் டிஸ்க், என் கை, ஒரே ஒரு என்டர். இப்போது வீட்டுக்காரியே உத்தரவு கொடுத்துவிட்டார். பழைய மெஷின் தாங்கக்கூடிய சின்ன வெளியீடாக, ஒரு வருஷம் பழகியதாகப் பார்த்து எடுத்துப் போயிருந்தேன். சிடியை உள்ளே தள்ளினேன். டிஸ்க் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாமா என்று திரை கேட்டது. விரலை வைத்தேன். உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது.

தட்ட முடியவில்லை. நல்ல மனசு என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தட்டினால் நானும் அவரும் ஒன்று என்று ஆகிவிடும், அந்த எண்ணத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நிறுத்தி, சிடியை வெளியே எடுத்து, அவருடைய பழைய வெளியீட்டிலேயே நுழைந்தேன். ஊருக்கெல்லாம் பிரதி எடுத்துக் கொடுத்த சிடி ரைட்டர் அதில் இருந்தது. எந்த ஃபைலையும் திறந்து படிக்கவில்லை. எல்லாவற்றையும் நான்கு சிடியில் எழுதினேன். பிறகு இன்னொரு நான்கில். ஒவ்வொன்றையும் மூலத்தோடு சரிபார்த்தேன். காலையில் உட்கார்ந்தது, மாமி விளக்கேற்றும் நேரம் ஆகிவிட்டது. கடைசியில் மாமியைக் கூப்பிட்டு, "நீங்களே தட்டுங்க" என்றேன். தட்டினார்.

திரையில் ஓடுகிற பட்டை பாதி நிறைந்தபோது மாமி என் தோளைப் பிடித்தார். "அவர் எழுதினது ஒண்ணும் இனிமே வராதா?" என்று கேட்டார். கோபத்தில் சொன்னதை நிஜமாகவே செய்துவிட்டோமே என்கிற பயம் முகத்தில் அப்படியே இருந்தது. எனக்குத் தெரியும் அந்தப் பயம். நான் நான்கு சிடிக்களை எடுத்து அவர் கையில் வைத்தேன். "எல்லாம் இதுல இருக்கு மாமி. ஒண்ணுகூடப் போகல" என்றேன். அவர் அவற்றை மார்போடு வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். நான் அழுதது அவருக்காக இல்லை.

மற்ற நான்கு என் பீரோவில், பைபிளுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. மாமியிடம் இருப்பதற்கு ஏதாவது ஆனால் வேண்டுமே என்று எடுத்தது. ராமபத்ரன் சாரை நான் மன்னிக்கவில்லை, இனியும் மன்னிப்பதாக இல்லை. அவர் எழுதிய ஒரு வரிகூடத் தொலையாமல் என்னிடம் இருக்கிறது. என் அறுபத்திரண்டு பாடங்கள் முழுசாக எங்கேயும் இல்லை.